15 வயதை நெருங்கும் ரெனால்ட் பல்ஸ்: வீட்டிலேயே புதுப்பிக்கலாமா? எதைத் தொடலாம், எதைத் தொட்டால் சிக்கல்?

ரெனால்ட் பல்ஸ் இந்தியச் சந்தைக்கு வந்தது 2012 ஜனவரியில். அந்த ஆண்டு பதிவான கார்களுக்கு 2027ல் 15 வயது முடிகிறது. அதோடு ஆர்சி புத்தகத்தின் முதல் ஆயுளும் முடிகிறது.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இப்படி ஒரு காரை வைத்திருக்கும் வீட்டில் ஒரே கேள்விதான். விற்கப் போனால் விலை சொற்பம். பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை. 'நாமளே பிரிச்சு, சரி பண்ணி, கொஞ்சம் அழகாவும் மாத்திட்டா என்ன?'

செய்யலாம். பழைய காரை வீட்டில் வைத்துப் புதுப்பிக்க சட்டத்தில் தடை இல்லை. ஆனால் 'புதுப்பிப்பது' வேறு, 'மாற்றுவது' வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோட்டைத் தாண்டினால் அபராதம், ஆர்சி சிக்கல், இன்சூரன்ஸ் பிரச்சினை என்று வரிசையாக வரும். அந்தக் கோடு எங்கே இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

பிரெஞ்சு ஹேட்ச்பேக் என்றால் எந்தெந்த கார்கள்?

நம் சாலைகளில் ஓடும் பழைய பிரெஞ்சு ஹேட்ச்பேக்குகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பியூஜோ 309: 1990களின் நடுவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனமும் பிரான்ஸின் பியூஜோவும் கூட்டுச் சேர்ந்து, மும்பை அருகே உள்ள கல்யாணில் தயாரித்தன. சில ஆண்டுகளிலேயே தயாரிப்பு நின்றுபோனது. இன்று இந்தக் காரைப் பார்ப்பதே அபூர்வம்.

ரெனால்ட் பல்ஸ்: சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ரெனால்ட்-நிசான் ஆலையில் தயாரானது. 2012 முதல் 2017 வரை விற்பனையில் இருந்தது. 1.5 லிட்டர் டீசல், 1.2 லிட்டர் பெட்ரோல் என இரண்டு எஞ்சின்களில் வந்தது.

ரெனால்ட் க்விட்: 2015ல் வந்தது. முதலில் வாங்கிய க்விட் கார்களும் இப்போது பத்து வயதைத் தொட்டுவிட்டன.

இவற்றில் வீட்டில் வைத்துப் புதுப்பிக்க இப்போது அதிகம் யோசிக்கப்படும் வயதில் இருப்பது பல்ஸ்தான். அதனால் இந்தக் கட்டுரையில் அதையே முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். சட்டம் எல்லா கார்களுக்கும் ஒன்றுதான்.

விற்பனை நின்ற காருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா?

பல்ஸைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு மோசமில்லை. காரணம், பல்ஸ் ஒரு தனிக் கார் அல்ல. நிசான் மைக்ராவின் உடன்பிறப்பு. முகப்பும் சில வெளிப் பாகங்களும்தான் வேறு. சஸ்பென்ஷன், பிரேக், எஞ்சின் ஆகியவற்றில் பெரும்பாலானவை இரண்டுக்கும் பொது.

டீசல் பல்ஸில் இருப்பது ரெனால்ட்டின் 'கே9கே' எனப்படும் 1461 சிசி எஞ்சின். இதே எஞ்சின் குடும்பம்தான் ரெனால்ட் டஸ்டர், நிசான் சன்னி, டெரானோ, மஹிந்திரா வெரிட்டோ கார்களிலும் ஓடியது. அதனால் எஞ்சின் பாகங்களுக்கு வழி இருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எஞ்சின் குடும்பம் ஒன்று என்பதால் எல்லா பாகமும் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. பல்ஸில் இது 64 குதிரைசக்தி. டஸ்டரில் 85, 110 என இரண்டு வகை. டர்போ, கியர்பாக்ஸ் போன்றவை வேறுபடும். கடையில் 'பல்ஸ் பெல்ட் கொடுங்க' என்று கேட்பதைவிட, சேஸிஸ் எண்ணைக் கொடுத்து பார்ட் நம்பரை உறுதி செய்துகொண்டு வாங்குவதே பாதுகாப்பு.

கிடைக்கச் சிரமப்படுவது பல்ஸுக்கென்றே இருக்கும் வெளிப் பாகங்கள்: முன் பம்பர், கிரில், ஹெட்லைட் போன்றவை. இவை உடைந்திருந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே கிடைக்கிறதா என்று விசாரித்துவிட வேண்டும்.

பியூஜோ 309 கதை வேறு. அந்தக் காலத்தில் மாருதி ஜென், எஸ்டீம் டீசல் மாடல்களில் இருந்ததும் பியூஜோவின் 1527 சிசி டீசல் எஞ்சின்தான். டீசல் 309 வைத்திருப்பவர்கள் அந்த மாருதி கார்களைத் தெரிந்த பழைய மெக்கானிக்குகளைத் தேடுவது ஒரு வழி. ஆனால் பாடி பாகங்களுக்கு வெளிநாட்டை நம்ப வேண்டியிருக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் காரின் முதல் எதிரி யார்?

துரு.

மாவட்டத்தின் கடற்கரை நீளம் சுமார் 70 கிலோமீட்டர். கன்னியாகுமரி, மணக்குடி, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரம் முழுக்க ஊர்கள். உப்புக் காற்று காரின் அடிப்பகுதியில் படிந்து மெல்ல மெல்ல இரும்பைத் தின்னும். போதாக்குறைக்கு தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே பெய்யும். வெளியூர் கார் ஒரு சீசன் நனைந்தால், நம்ம ஊர் கார் இரண்டு சீசன் நனைகிறது.

அதனால் எஞ்சினைத் திறக்கும் முன் காரின் உடம்பைப் பார்க்க வேண்டும். துரு ஒளிந்திருக்கும் இடங்கள் இவை:

• கதவுகளின் அடி விளிம்பு. தண்ணீர் வடியும் சிறு துளைகள் அடைத்திருந்தால் உள்ளிருந்தே அரிக்கும்.
• முன் கதவுக்கும் பின் கதவுக்கும் கீழே ஓடும் படிப் பகுதி.
• சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உள்பக்கம்.
• தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும் தகடு.
• டிக்கியில் ஸ்டெப்னி டயர் வைக்கும் குழி.
• பேட்டரி உட்காரும் தட்டு.
• அடியில் ஓடும் பிரேக் குழாய்கள்.

கையில் ஒரு சிறு காந்தம் இருந்தால் போதும். துணியில் சுற்றி பாடி மேல் ஒட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் பிடிக்கவில்லை என்றால், அங்கே தகடு போய் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிப் புதுப்பிக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021 நவம்பர் வெள்ளம் மாதிரியான நேரத்தில் தண்ணீரில் நின்ற காராக இருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் சந்தேகப்பட வேண்டும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஒயர் முனைகளில் பச்சைப் படிவு ஆகியவையும் அதே கதையைத்தான் சொல்லும்.

மேலோட்டமான துருவை வீட்டிலேயே சரி செய்யலாம். கம்பி பிரஷ்ஷால் பளபள இரும்பு தெரியும்வரை தேய்த்து, துரு நீக்கி தடவி, பிரைமர் அடித்து, அதன் மேல் பெயின்ட். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

ஆனால் ஸ்குரு டிரைவரால் லேசாகக் குத்தினாலே ஓட்டை விழுகிறது, அதுவும் சேஸிஸ் பகுதியிலோ சஸ்பென்ஷன் மாட்டும் இடத்திலோ என்றால், அது வீட்டு வேலை அல்ல. நல்ல டிங்கர் பட்டறையில் காட்டி, வெல்டிங் செய்து காப்பாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாது என்றால், பணத்தைக் கொட்டும் முன் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

பெரும்பாலானோர் செய்யும் தவறு, பெயின்ட்டில் தொடங்குவது. பளபளப்பாக்கிவிட்டுப் பிறகு எஞ்சினைக் கழற்றினால் புது பெயின்ட்டில் கீறல் விழும், செலவு இரண்டாகும். சரியான வரிசை இதுதான்.

1. பேப்பர். ஆர்சியில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் காரில் இருப்பதோடு பொருந்துகிறதா? கடன் நிலுவை இருக்கிறதா? செலுத்தாத இ-செலான் உண்டா? இதையெல்லாம் பரிவாகன் தளத்திலும் எம்பரிவாகன் செயலியிலும் பார்க்கலாம். இதில் குழப்பம் இருந்தால் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.

2. உடம்பு. மேலே சொன்ன துருப் பரிசோதனை.

3. நிற்பதும் திரும்புவதும். பிரேக், ஸ்டீயரிங், டயர். ஓடாத காரால் ஆபத்தில்லை. நிற்காத காரால்தான் ஆபத்து.

4. எஞ்சினின் உயிர்க் காப்பு. டைமிங் பெல்ட், கூலன்ட், ஆயில், ரப்பர் குழாய்கள்.

5. ஒயரிங். எலி கடித்தது, முந்தைய ஓனர் ஒட்டுப்போட்டது எல்லாம் இங்கே வெளியே வரும்.

6. சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர்.

7. ஏசி, சீட், மேட், கடைசியாக பெயின்ட்.

இதில் நான்காவதை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். டீசல் பல்ஸின் எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. ரப்பர் பெல்ட்தான். அது ஓடும்போது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலை, எஞ்சினைப் பிரிக்கும் வேலையாகிவிடும். ரொம்ப நாள் நிறுத்தி வைத்திருந்த கார் என்றால் கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் நம்பக் கூடாது. ஓடாமலே ரப்பருக்கு வயதாகும். பெல்ட்டை மாற்றும்போதே டென்ஷனரையும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றுவது நல்லது. பம்ப்பை ஓட்டுவதும் அதே பெல்ட்தான். பெட்ரோல் பல்ஸில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருப்பதால் இந்தப் பயம் குறைவு.

ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் பழக்கமும் வேண்டாம். கடலோரக் கிணறுகளில் உப்பு கலந்திருக்கும். கம்பெனி சொன்ன கூலன்ட், அதோடு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே.

எது வீட்டு வேலை, எது பட்டறை வேலை?

வீட்டு முற்றத்தில் செய்யக்கூடியவை: ஆயில், ஃபில்டர் மாற்றுவது, ஏர் ஃபில்டர், பேட்டரி, பல்புகள், வைப்பர், சீட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வது, மேலோட்டமான துரு நீக்குவது, கதவு ரப்பர் மாற்றுவது, டிரிம் வேலைகள். கொஞ்சம் அனுபவம் இருந்தால் பிரேக் பேடும் மாற்றலாம்.

பட்டறைக்கு விட வேண்டியவை: டைமிங் பெல்ட், சஸ்பென்ஷன் ஸ்பிரிங், ஏசி கேஸ், ஏர்பேக், டீசல் பம்ப், இன்ஜெக்டர், வீல் அலைன்மென்ட், சேஸிஸ் வெல்டிங். சிலிண்டர் ஹெட் பாலிஷ், போரிங் போன்றவற்றுக்கு லேத் பட்டறை.

இந்தப் பிரிவு சும்மா போட்டதல்ல. வீட்டில் கார் வேலை செய்யும்போது உயிரையே பறிக்கும் ஆபத்துகள் சில இருக்கின்றன.

ஜாக்கி மட்டும் போட்டு காருக்கு அடியில் போகவே கூடாது. காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அடியில் வேலை செய்ய வேண்டுமென்றால் இரும்பு ஜாக் ஸ்டாண்ட் அவசியம். சிமென்ட் தரையில், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு கொடுக்காமல் நொறுங்கும். மழையில் ஊறிய மண் தரையும் ஜாக்கியைச் சாய்த்துவிடும்.

முன் சக்கர ஸ்பிரிங். சுருக்கி அடைத்து வைத்த அந்த ஸ்பிரிங் சரியான கருவி இல்லாமல் விடுபட்டால் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும்.

டீசல் குழாய். இன்ஜெக்டருக்குப் போகும் குழாயில் எஞ்சின் ஓடும்போது அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல். நம் கார் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான். கசிவு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தால், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தின மாதிரி சின்னக் காயம்தான் தெரியும். ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடலாம்.

ஏர்பேக். ஸ்டீயரிங் பக்கம் கை வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கையேட்டில் சொன்ன நேரம்வரை காத்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். கழற்றிய பழைய ஆயிலை ஓடையிலோ தோட்டத்திலோ ஊற்றக் கூடாது. நாஞ்சில் நாட்டில் குளமும் கால்வாயும் வயலும் ஒன்றோடொன்று இணைந்தவை. வீட்டுக்குப் பின்னால் ஊற்றியது அடுத்த மழையில் குளத்துக்குப் போய்விடும். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதுதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வாகனத்தில் மாற்றம் செய்வது பற்றியது. ஆர்சியில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. வாகனத்தின் அடிப்படை அம்சமே மாறும்படி அதன் கட்டமைப்பை மாற்றுவதுதான் 'மாற்றம்' என்று அதே பிரிவு விளக்கமும் தருகிறது.

இதைக் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மேலும் தெளிவாக்கியது. உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்ற முடியாது என்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு மாற்றியமைக்கப்பட்டது. அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க அது வழி செய்கிறது. 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று மாற்றம் இருந்தால் 15,000 ரூபாய்.

அப்படியென்றால் பழைய பாகத்தைக் கழற்றிப் புதிது போடுவதே குற்றமா? இல்லை. கம்பெனி கொடுத்த அதே அளவு, அதே வகைப் பாகத்தைப் போட்டு காரை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பழுதுபார்ப்பு. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

அடிக்கடி கேட்கப்படும் மாற்றங்கள்: எது சரி, எது சிக்கல்?

சீட் கவர், மேட், மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா: பிரச்சினை இல்லை. ஆனால் ஒயரை வெட்டி ஒட்டாமல், சரியான ஃபியூஸ் வைத்துக் கொடுக்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போட்டால், அடுத்து எரிவது ஒயர்தான்.

கலர் மாற்றுவது: செய்யலாம். ஆனால் ஆர்டிஓவில் தெரிவித்து ஆர்சியிலும் கலரை மாற்ற வேண்டும்.

அலாய் வீல், டயர்: அதே மாடலின் உயர் வேரியண்டில் கம்பெனி கொடுத்த அளவுக்குள் இருப்பது பாதுகாப்பு. சக்கரம் பாடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்படி பெரிதாகப் போட்டால் சட்டச் சிக்கல் மட்டுமல்ல, பேரிங்கும் தேயும், ஸ்டீயரிங்கும் உரசும்.

ஹெட்லைட்: சாதாரண எச்4 பல்பின் அளவு 60/55 வாட். அதைவிட அதிக வாட் போட்டால் ஹோல்டர் உருகும். எல்இடி, எச்ஐடி பல்புகளை அதற்காக வடிவமைக்காத பழைய லைட்டுக்குள் சொருகினால் எதிரே வருபவர் கண் கூசும். மேற்கு மலையடிவாரத்து வளைவுச் சாலைகளில் அது விபத்தில்தான் முடியும்.

சைலன்சர்: சத்தம் கூட்டும் சைலன்சருக்கு அனுமதி இல்லை.

முன்பக்க இரும்பு கார்டு: 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. மோதலின்போது பம்பர் செய்ய வேண்டிய வேலையையும், ஏர்பேக் சென்சாரின் வேலையையும் இது கெடுக்கலாம்.

கண்ணாடி பிலிம்: முன், பின் கண்ணாடி வழியே 70 சதவீதமும், பக்கக் கண்ணாடி வழியே 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. 2012ல் உச்ச நீதிமன்றம் பிலிம் ஒட்டத் தடை போட்டது. அதன் பிறகு விதியில் வந்த திருத்தத்தைச் சுட்டிக்காட்டி, இந்த அளவுக்குள் உள்ள பிலிமுக்கு 2024ல் கேரள உயர் நீதிமன்றம் ஆதரவாகத் தீர்ப்பளித்தது. கறுப்பு பிலிம் எப்போதும் சிக்கல்தான்.

எஞ்சின் ரீமேப்: 'டஸ்டர் எஞ்சினும் இதே 1461 சிசிதானே, 64ஐ 85 ஆக்கிடலாம்' என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் 64க்குத் தகுந்தபடி போடப்பட்டவை. கரும்புகை தள்ளினால் பியூசியும் தேறாது.

வேறு எஞ்சின் மாட்டுவது: அதே நிறுவனம், அதே வகை எஞ்சினை மாற்ற ஆர்டிஓவின் முன் அனுமதி வேண்டும், புதிய எஞ்சின் எண் ஆர்சியில் ஏற வேண்டும். பழைய இரும்புக் கடையில் பில் இல்லாமல் எஞ்சின் வாங்கினால், அது திருட்டு வண்டியின் எஞ்சினாகவும் இருக்கலாம்.

சிஎன்ஜி, எலெக்ட்ரிக் கிட்: அங்கீகரிக்கப்பட்ட கிட், அங்கீகரிக்கப்பட்ட மையம், அதன் பிறகு ஆர்சியில் பதிவு. மூன்றும் இருந்தால் மட்டுமே சட்டப்படி செல்லும்.

களியக்காவிளையைத் தாண்டினால் என்ன ஆகும்?

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது முக்கியம். ஆஸ்பத்திரிக்கும் விமான நிலையத்துக்கும் வேலைக்கும் திருவனந்தபுரம் போய்வருவது இங்கே அன்றாட விஷயம். வாகன மாற்றங்களில் கேரள மோட்டார் வாகனத் துறை காட்டும் கண்டிப்பு எல்லோருக்கும் தெரிந்ததே.

2021 ஆகஸ்ட்டில் கண்ணூரில் இரண்டு யூடியூபர்களின் டெம்போ டிராவலர் வேன், விதிமீறிய மாற்றங்களுக்காகப் பறிமுதல் செய்யப்பட்டது. அதன் ஆர்சியும் இடைநீக்கம் செய்யப்பட்டது. நாடு முழுக்கப் பேசப்பட்ட விவகாரம் அது.

சட்டம் மத்தியச் சட்டம். நாகர்கோவிலில் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை என்பதால் அந்த மாற்றம் சரியானது ஆகிவிடாது. பாறசாலையில் கேட்கலாம். அவசரமாக நோயாளியை ஏற்றிக்கொண்டு போகும்போது கேட்டால் யாருக்குச் சிரமம்?

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து இதில்தான் இருக்கிறது. காரின் தன்மையையே மாற்றும் வேலைகளை நிறுவனத்திடம் சொல்லாமல் செய்திருந்தால், விபத்துக்குப் பிறகு சொந்த வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை நிராகரிக்கவோ குறைக்கவோ வாய்ப்பு உண்டு. வெட்டி ஒட்டிய ஒயரிங்கால் தீப்பிடித்தாலும் சர்வேயர் முதலில் பார்ப்பது அந்த ஒயரிங்கைத்தான்.

கூடுதலாகப் போட்ட மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் போன்றவற்றை பாலிசி புதுப்பிக்கும்போதே தெரிவித்து அதில் சேர்த்துக்கொள்ளலாம். புதுப்பிக்க வாங்கிய பாகங்களின் பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் போன் கேமராவில் படம் எடுத்து வைப்பதும் உதவும்.

15 ஆண்டு முடிந்தால் கார் ஓட்டக் கூடாதா?

பலரும் குழப்பிக்கொள்வது இதில்தான். '10 வருஷ டீசல் ஓட்டக் கூடாது' என்ற செய்தி டெல்லி தலைநகர் வட்டாரம் சம்பந்தப்பட்டது. தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது. இங்கே 15 ஆண்டு முடிந்த சொந்த உபயோகக் காரை, ஆய்வில் தேறினால், ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்து ஓட்டலாம்.

• ஆர்சி முடியும் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25ல் விண்ணப்பிக்க வேண்டும்.
• காரை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். விளக்கு, பிரேக், டயர், புகை எல்லாம் பார்க்கப்படும்.
• பியூசி, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் பற்றி ஆர்டிஓவில் கேட்டுக்கொள்ளலாம்.
• 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டைக் கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டைக் கடந்தால் 10,000 ரூபாய் என 2025 ஆகஸ்ட்டில் அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டின் பசுமை வரி தனி. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள கட்டணத்தை பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

பல்ஸ் ஓனர்களுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. காரைப் புதுப்பிக்கும் வேலையை ஆர்சி தேதிக்குச் சில மாதம் முன்பே தொடங்கினால், அதே வேலை ஆய்வுக்கும் தயார் செய்துவிடும். தேதி தாண்டிய பிறகு தொடங்கினால் தாமதக் கட்டணம் ஏறும். ஆர்சி இல்லாத காரை டெஸ்ட் டிரைவுக்குக்கூட ரோட்டில் எடுக்க முடியாது.

1990களின் பியூஜோ 309க்கு 'வின்டேஜ்' சலுகை கிடைக்குமா என்றால், இப்போதைக்குக் கிடையாது. 2021ல் வந்த விதிப்படி 50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வாகனத்துக்குத்தான் அந்தப் பதிவு.

கடைசியில் இது லாபமா, நஷ்டமா?

பணக் கணக்கில் மட்டும் பார்த்தால், புதுப்பிக்கச் செலவழித்த காசு விற்கும்போது திரும்பி வராது. எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், தயாரிப்பு நின்ற காருக்கு மார்க்கெட் விலை அவ்வளவுதான். ஆனால் விற்காமல் இன்னும் ஐந்து ஆண்டு வீட்டிலேயே ஓட்டுவதென்றால் கணக்கு மாறும். புதுக் காரின் முன்பணத்தோடும் மாதத் தவணையோடும் ஒப்பிட்டால், நல்ல நிலையில் உள்ள காரைப் பழுதுநீக்கி ஓட்டுவது மிச்சம்தான்.

முடிவெடுக்க மூன்று கேள்வி போதும்.

சேஸிஸ் திடமாக இருக்கிறதா? பேப்பர் சுத்தமாக இருக்கிறதா? தேவையான பாகம் கிடைக்கிறதா?

மூன்றுக்கும் 'ஆம்' என்றால் தாராளமாகத் தொடங்கலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்த ரூபாயைச் செலவழிக்க வேண்டும்.

காரை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தால் அதற்கும் முறை இருக்கிறது. காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடக் கூடாது. ஆர்சியை ரத்து செய்யாதவரை அந்த நம்பருக்கு நீங்கள்தான் ஓனர். அந்த நம்பர் பிளேட்டை வேறு வண்டியில் மாட்டி யாராவது தவறு செய்தால், போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான். அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் டெபாசிட் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டி ஆர்சியை ரத்து செய்துவிடலாம். புது வண்டி வாங்கும்போது சலுகைக்கும் அந்தச் சான்றிதழ் உதவும்.